கை தட்டினால் வரும் வண்டி

போன வாரம் மிக்ஸி கெட்டுப்போய்க் கடைவீதிக்குத் தூக்கிக்கொண்டு போனேன். ரிப்பேர்க் கடைக்காரர் ஈயம் உருக்கச் சால்டரிங் கம்பியை வைத்ததும் எழுந்தது பாருங்கள் ஒரு புகை, அந்தப் பிசின் வாசனை மூக்கில் ஏறியதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. புகைதான் காரணம் என்று நினைத்து அவர் ஃபேனைத் திருப்பி வைத்தார். என் நண்பன் ஜெரோம் இறந்து இன்னும் மூன்று மாதம்கூட ஆகவில்லை.

எனக்கு அது கொல்லிமலை வாசனை. சொன்னால் சிரிப்பீர்கள். மலை என்றால் மற்றவர்களுக்கு மிளகு, பலா, அருவி; எனக்கு ஈயப் புகை. தேவனூர் நாடு என்கிற மலைப்பகுதியில் ஓர் ஓட்டு வீட்டின் பாதியில் நானும் ஜெரோமும் குடியிருந்தோம். இரண்டு பேருமே கீழேயிருந்து வேலைக்கு வந்தவர்கள். எனக்குத் தோட்டக்கலை அலுவலகம். திண்டுக்கல்காரனான அவனுக்கு இன்னொரு அரசு அலுவலகத்தில் கம்ப்யூட்டர் வேலை. சாயங்காலமானால் மூடுபனி ஜன்னல் வழியாக வீட்டுக்குள் வந்துவிடும். போனில் சிக்னல் இருக்காது. நான் சோற்றைப் பொங்கி வைத்துவிட்டுப் போர்வைக்குள் புகுந்துகொள்வேன். அவன் ரோபோ செய்வான்.

ரோபோ என்றதும் பெரிதாக எதையும் நினைத்துவிடாதீர்கள். டிபன் பாக்ஸ் அளவுக்கு ஒரு வண்டி. இரண்டு சக்கரம், காது மாதிரி பக்கத்துக்கு ஒரு மைக், நடுவில் கூரியரில் வரவழைத்த சின்ன போர்டு. கை தட்டினால் தட்டியவரிடம் வர வேண்டும், அவ்வளவுதான். அவனுடைய மகள் ஜென்சிக்காகச் செய்தான்.

ஜென்சிக்கு அப்போது ஒன்றரை வயது. மாதத்துக்கு ஒரு தடவையோ இரண்டு தடவையோதான் அவனால் ஊருக்குப் போக முடிந்தது. அவன் வாசலில் செருப்பைக் கழற்றினாலே குழந்தை வீறிட்டு அழுது அம்மா கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொள்ளும். ஞாயிறு சாயங்காலம்தான் மெல்ல எட்டிப் பார்த்துச் சிரிக்கும். அதற்குள் அவனுக்கு பஸ்ஸுக்கு நேரமாகிவிடும். "என்னைப் பார்த்தா யாரோன்னு பயப்படுதுடா" என்று ஒருநாள் சொல்லிவிட்டுச் சாப்பிடாமல் தட்டைத் தள்ளிவைத்தான். தட்டை அவன் பக்கம் திருப்பி நகர்த்த மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. கல்யாணமே ஆகாதவன் நான்.

முதலில் எழுதிய புரோகிராமில் வண்டிக்குக் காது கேட்கவில்லை. இத்தனை நொடி ஓடு, இத்தனை நொடி நில், அப்புறம் சத்தம் வருகிறதா பார் என்று வரிசையாக எழுதியிருந்தான். அது நின்றுகொண்டிருக்கும் நேரத்தில் நான் உள்ளங்கை சிவக்கத் தட்டினாலும் கண்டுகொள்ளாது. எல்லாவற்றையும் அழித்துவிட்டு வேறு மாதிரி எழுதினான். எனக்குப் புரியவில்லை என்றதும் பக்கத்துப் பாதியைக் காட்டினான். அங்கே வீட்டுக்காரர் பாவாயம்மா மரவள்ளிக் குச்சிக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார். நாங்கள் பஸ்ஸுக்காகக் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து ரோட்டில் போய் நிற்போம். அந்த அம்மா வளைவில் ஹாரன் கேட்ட பிறகுதான் கத்தியை வைத்துவிட்டு எழுந்திருப்பார். பஸ்ஸை விட்டதே இல்லை.

"அதே மாதிரிதான். இனிமே இது நேரத்தைப் பார்க்காது. சத்தம் கேட்டா இதைச் செய், முன்னாடி சுவர் வந்தா அதைச் செய்னு சொல்லி வச்சிருக்கேன். ஒண்ணும் நடக்கலைன்னா சும்மா கிடக்கும்" என்றான்.

பாவாயம்மா எட்டிப் பார்த்தார். "ஏன் சாமி, கூப்பிட்டா வாரதுக்கா இத்தனை ஒயரு?"

"பாப்பாவுக்குங்க. கை தட்டுனா கிட்டக்க வரும்."

"இது அதுகிட்டப் போவுமுங்க. அது உங்ககிட்ட வரணுமில்லீங்க?"

ஜெரோம் கம்பியை எடுத்து மறுபடி ஈயத்தில் வைத்தான்.

அதன்பின் பல நாள் எனக்குக் கை தட்டுவதுதான் உத்தியோகம். எவ்வளவு சத்தம் வந்தால் அழைப்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதற்கு ஓர் அளவு வைக்க வேண்டுமாம். குழந்தையின் கை சின்னக் கை, மெதுவாகத்தான் தட்டும் என்று அவன் அந்த அளவைக் குறைத்துக்கொண்டே வந்தான். கடைசியில் நான் இரண்டு விரலால் தட்டினாலே வண்டி திரும்பி ஒரு முழம் வந்து நிற்கும், மறுபடி காது கொடுக்கும். சொன்ன பேச்சு கேட்கிற ஒன்றை நாங்கள் உருவாக்கிவிட்டோம் என்று எனக்கு ஒரே பெருமை. அந்த மலையில் சாயங்காலம் எவ்வளவு அமைதி என்பதை இரண்டு பேருமே யோசிக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை நானும் திண்டுக்கல் போனேன், கை தட்டுகிற நிபுணன் என்ற தகுதியில். பஸ் போகிற ரோட்டின் மேல் வீடு. ஒட்டினாற்போல் ஒரு பூட்டுப் பட்டறை. வழக்கம்போல ஜென்சி அவனைப் பார்த்து அழுது ஓய்ந்து, அம்மா ஸ்டெல்லாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஜெரோம் நடுக்கூடத்தில் வண்டியை வைத்து சுவிட்சைப் போட்டான். "பாப்பா, கை தட்டு" என்று சொல்லக்கூட அவனுக்கு நேரம் கிடைக்கவில்லை. பட்டறையில் சுத்தியல் விழுந்தது, வண்டி சுவரைப் பார்த்துப் பாய்ந்தது. பஸ் ஹாரன் அடித்தது, வாசலுக்குத் திரும்பியது. குக்கர் விசில் வந்ததும் அடுப்படிக்கு ஓடியது. அடுப்பை அணைக்க ஸ்டெல்லாவும் அங்கேதான் ஓடினாள். தனியாக நின்ற குழந்தை பயந்துபோய் அழ ஆரம்பித்தது.

இருக்கிற சத்தத்திலெல்லாம் பெரிய சத்தம் இப்போது அதுதான். வண்டி ஜென்சியைப் பார்த்துத் திரும்பியது. அவள் அழ அழ முழம் முழமாகக் கிட்டே வந்தது. அவள் பின்வாங்கினாள், சுற்றிலும் பார்த்தாள், ஓடிப் போய் ஜெரோமின் காலைக் கட்டிக்கொண்டாள். அவன் குனிந்ததும் மேலே ஏறிக் கழுத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

பாவம் குழந்தை என்று நான் சுவிட்சை நோக்கிப் போனேன்.

"ஆஃப் பண்ணாதடா" என்றான், சத்தமே இல்லாமல்.

வண்டி அவன் பாதத்தில் மோதி விலகியது, மறுபடி வந்து மோதியது. அவன் அசையவில்லை. ஸ்டெல்லா அடுப்படி வாசலில் வந்து நின்றுவிட்டாள். அவன் கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டே இருந்தது. துடைக்க ஒரு கையை எடுத்தால்கூடக் குழந்தை இறங்கிவிடுமோ என்று பயந்திருப்பான்.

அடுத்த வருஷம் அலைந்து திரிந்து மாறுதல் வாங்கிக்கொண்டு ஊரோடு போய்விட்டான். ரோபோ எதையும் அப்புறம் அவன் செய்யவில்லை. பள்ளிக்கூடத்துக்கு, ஞாயிறு பூசைக்கு, பல் பிடுங்க என்று எங்கே போனாலும் மகளை பைக்கில் முன்னால் உட்கார வைத்துக்கொண்டு போனான். ஒன்பது வருஷத்துக்குத்தான் கொடுத்து வைத்திருந்தது. காலையில் நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை.

போன மாதம் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். ஜென்சி வளர்ந்துவிட்டாள், அவனுடைய அதே நெற்றி. ஏதாவது பேச வேண்டுமே என்று, "கொல்லிமலையில உங்கப்பாவும் நானும் ஒரே வீட்ல இருந்தோம்மா, அப்பல்லாம் நீ அப்பாவைப் பார்த்தாலே" என்று ஆரம்பித்தேன்.

அவள் குறுக்கே தலையாட்டினாள். "இல்ல அங்கிள். அப்பா எங்கயுமே போனதில்ல. நான் பிறந்ததுலருந்து எங்கூடவேதான் இருந்தாரு."

ஸ்டெல்லா என்னைப் பார்த்தாள். அந்த மலை வருஷங்களில் ஒருநாள்கூடக் குழந்தையின் நினைவில் மிஞ்சவில்லை.

"ஆமாம்மா" என்றேன். "எங்கயும் போகல."