ஒட்டிய எலும்புக்கு மேலே

எழுபதுகளின் தொடக்கத்தில், துறைமுகத்தில் மூட்டை தூக்கிய என் கணவருக்கு முதுகில் ஆபரேஷன் நடந்தது. இடுப்பெலும்பிலிருந்து ஒரு சில்லை எடுத்து வைத்து, கீழ்முதுகின் இரண்டு எலும்புகளை ஒன்றாக ஒட்டினார்கள். மாதக்கணக்கில் மாவுக்கட்டோடு படுத்திருந்தார். பிறகு வலி போனது; கல்மண்டபம் மார்க்கெட் வரை நடந்துபோய் மீன் வாங்கி வந்தார்.

சில வருடங்களில் வலி திரும்பியது, சற்று மேலே.

"இன்னா டாக்டர், ஒட்னது வுட்டுப் போச்சா?" என்று கேட்டார்.

டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்தார். "அது கெட்டியா இருக்கு. அது வளையாததால மேல இருக்கிற மூட்டு அதுக்கும் சேர்த்து வளையுது. அதான் தேயுது."

"அப்போ அதையும் ஒட்டிடுங்க."

"அப்போ அதுக்கு மேல இருக்கிறது தேயலாம்."

என் கணவர் எழுந்து, என்னிடம் "வா, வூட்டுக்குப் போலாம்" என்றார்.

அன்றிலிருந்து எதை எடுக்கவும் முதுகை வளைக்காமல் முழங்காலைத்தான் மடக்குவார். வலி முழுதாகப் போகவில்லை, கூடவும் இல்லை.