நான்கு நிமிட யோசனை

எனக்கு நடிப்பு வராது என்று பள்ளி நாடகத்தில் மரமாகக்கூட நிற்க வைக்கவில்லை. ஆனால் ஒரே ஒரு முறை, நான்கு நிமிடம், பிரமாதமாக நடித்திருக்கிறேன்.

மாவட்டச் சிறுமியர் செஸ் போட்டியின் கடைசிச் சுற்று. ஜெயிப்பவளுக்கு மாநிலப் போட்டியில் இடம். எனக்குப் பதினாலு வயது. நகரத்துக்குள்ளேயே இருக்கும் வலியசாலையிலிருந்து அப்பாவின் ஸ்கூட்டரில் வந்திருந்தேன். எதிரே உட்கார்ந்தவளுக்குப் பன்னிரண்டு இருக்கும். மலைமேல் போனக்காடு தேயிலை எஸ்டேட்டிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்தவள். அங்கே கடிகாரம் வைத்து ஆடிப் பழக்கமில்லையாம். காயை நகர்த்தியதும் பட்டனை அமுக்கினால்தான் அவளுடைய நேரம் நின்று என்னுடையது ஓடும். அதற்கே பதறிக்கொண்டிருந்தாள்.

ஆட்டத்தில் மட்டும் பதற்றமே இல்லை. என்னைப் பிழிந்து எடுத்துவிட்டாள். கடைசியில் ராணியை என் ராஜாவின் பக்கமாகக் கொண்டுவந்து வைத்தாள். அடுத்த நகர்வில் மேட்; எனக்குத் தப்ப வழியே இல்லை. அந்தச் சந்தோஷத்தில் நகர்வைத் தாளில் எழுதியவள் பட்டனை மறந்துவிட்டாள். அவளிடம் மிச்சமிருந்தது நான்கு நிமிடம்; அது தீர்ந்தால் அவள் தோற்றதாகிவிடும்.

எதிராளி சொல்ல வேண்டும் என்று விதி இல்லை. சும்மா உட்கார்ந்திருந்தால்கூட இத்தனை வருடம் கழித்து இப்படி உறுத்தாது. நான் கன்னத்தில் கை வைத்து, நெற்றியைச் சுருக்கி, ஆழ்ந்து யோசிப்பவளாக நடித்தேன். என் யோசனை கலையக்கூடாதென்று அவள் இருமலைக்கூட அடக்கிக்கொண்டு பலகையையே பார்த்திருந்தாள். அந்த இருமலை நினைத்தால் இன்றும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

நடுவர் வந்து, அவளுடைய நேரம் தீர்ந்துவிட்ட கடிகாரத்தைக் காட்டினார்.

"டைம் கழிஞ்சல்லோ, மோளே."

அவள் முகம் வெளுத்துவிட்டது. அழவில்லை.

"ஜெயிச்சாச்சோல்லியோ, கெளம்பு" என்றார் அப்பா வாசலிலிருந்து. பையை எடுக்கத் திரும்பினேன். அவள் காய்களைக் கலைக்காமல் அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, அத்தற நேரம் என்ன மூவ் யோசிச்சீங்க? நானும் நோக்கிட்டே இருந்தேன். உங்களுக்கு ஒரு வழியும் எனக்குத் தெரியல."

உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. ஏதோ ஒன்றைக் காட்டியாக வேண்டுமே என்று என் குதிரையைத் தொட்டுக் காட்டினேன். குதிரை எங்கே போனாலும் மேட்தான். நேற்று ஆடப் பழகியவளுக்குக்கூட அது தெரிந்துவிடும்.

அவள் பலகையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"ஆமாக்கா, நல்ல மூவ்தான்" என்று சொல்லிவிட்டு, காய்களை எடுத்துப் பெட்டியில் வைக்கத் தொடங்கினாள்.