சிக்கிய துவக்கு

கனடாவில், அஜக்ஸில் என் தங்கையின் மகன் குமரன் பழைய இராணுவத் துவக்கொன்று வாங்கியிருக்கிறான். குண்டேற்ற இழுக்கும் பிடி இறுகிக் கிடந்ததால் கராஜில் வைத்து மண்ணெண்ணெயால் துடைத்துக்கொண்டிருந்தான். கராஜ் கதவடியில் நின்ற எனக்கு அந்த மணம் அப்பாவை நினைவூட்டியது.

யாழ்ப்பாணத்தில் அப்பா வீட்டு வாசலில் சைக்கிள் திருத்துவார். ஒரு மத்தியானம் சீருடைக்காரர் இருவர் ஜீப்பில் வந்து, பிடி சிக்கிய துவக்கொன்றை அவர் முன்னால் போட்டார்கள்.

"சேர், எனக்கு உந்த வேலை தெரியாது."

அவர்கள் போகவில்லை. அப்பா அதை மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துருவைச் சுரண்டினார். நானும் அம்மாவும் குசினிக் கதவிடுக்கால் பார்த்துக்கொண்டிருந்தோம். கடைசியில் பிடி அசைந்தது. ஒருவன் துவக்கை வாங்கிக் குண்டைப் போட்டான். அம்மா என் கண்களைப் பொத்தினாள்.

வெடிச்சத்தம் கேட்டது. பிறகு ஒன்றுமே கேட்கவில்லை. ஜீப் போன பின்தான் அப்பாவின் குரல் வந்தது.

"பிள்ளை, வெளியில வராதை!"

அதற்குள் நான் வெளியில் ஓடிவிட்டேன். சுட்டது முருங்கை மரத்தை. அப்பா நிலத்தில் குந்தியிருந்தார். அவர் உடுத்திருந்த சாரம் மூத்திரத்தால் நனைந்திருந்தது. அதை நான் பார்க்கக் கூடாதென்றுதான் கத்தியிருக்கிறார்.

"பெரியம்மா, இப்ப ஸ்மூத்தா போகுது, கம் அண்ட் சீ!" என்றான் குமரன்.

என்னால் கராஜ் கதவைத் தாண்ட முடியவில்லை.