அக்கா வீட்டுத் தரைக்கு வியர்த்த கதை

பெற்றவர்கள் அவளுக்கு வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. ஆனால் மின்சார ரசீதைத் தவிர வேறு யாரும் அவளை அந்தப் பெயரால் கூப்பிட்டதில்லை. எல்லாருக்கும் அவள் போர்வைக்காரி. கட்டடங்களுக்குப் போர்வை போர்த்துவது அவள் தொழில். கூரைக்கு அடியில் கண்ணாடிப் பஞ்சு பரப்புவாள், தகரக் கொட்டகைக்கு வெள்ளித்தாள் ஒட்டுவாள், ஏசிக் குழாய்க்குக் கறுப்பு ரப்பர் உறை மாட்டுவாள், குளிர் அறைச் சுவர்களில் தெர்மாக்கோல் பலகை பதிப்பாள். வெயில் உள்ளே வரக் கூடாது, குளிர் வெளியே போகக் கூடாது. இரண்டுக்கும் நடுவில் நின்று வழிமறிக்கிற வேலை.

வருஷத்தில் பாதி வெயில், மீதி மழை, இரண்டிலும் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்கிற ஊர் அது. அப்படிப்பட்ட ஊரில் வீட்டுக்குப் போர்வை போர்த்துகிறேன் என்று கிளம்பினால் ஜனங்கள் சும்மா விடுவார்களா? வீட்டுக்குக் காய்ச்சலா என்று கேட்டார்கள். அப்படியே தலையணையும் ஒன்று தைத்துக் கொடு என்றார்கள். அவள் அசரவில்லை. போகிற இடமெல்லாம் ஒரு பிளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு போய் மேசைமேல் வைப்பாள். வெந்நீர் ஊற்றினால் சூடாக வைத்திருக்கிறது, ஐஸ் போட்டால் ஜில்லென்று வைத்திருக்கிறது, அதற்கு எது என்னவென்று தெரியுமா என்ன, உள்ளே யாரையும் விடாது, வெளியேயும் யாரையும் விடாது, அவ்வளவுதான் என்று விளக்குவாள். அதைக் கேட்ட ஒரு வீட்டுக்காரர், எங்க மாமியாரைப் பத்தியா சொல்றே என்று குரலைத் தாழ்த்திக் கேட்டுவிட்டு வேலையைக் கொடுத்தார்.

கண்ணாடிப் பஞ்சு லேசுப்பட்டதல்ல. உடம்பில் பட்டால் நாள் முழுக்க அரிக்கும். அவள் வேலை முடிந்து வாசலுக்கு வந்தால் வீட்டில் யாரும் வா என்று சொல்வதில்லை. குளிச்சாச்சா என்றுதான் கேட்பார்கள். அவள் கணவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர், பொறுமைசாலி. அவரே அவள் குளித்துவிட்டு வரும்வரை இரண்டடி தள்ளித்தான் நிற்பார். அவள் துணிகளுக்குத் தனிக் கொடி. ஒருமுறை கொடியில் காய்ந்த துணியெல்லாம் திருட்டுப் போயிற்று. சில நாள் கழித்து அவளுடைய வேலைச் சட்டை மட்டும் மடித்து வாசற்படியில் வைக்கப்பட்டிருந்தது. திருடன் எங்கேயோ உட்கார்ந்து சொறிந்துகொண்டிருப்பான் என்பதில் வீட்டில் எல்லாருக்கும் பரம திருப்தி.

இவ்வளவு தூரம் தொழிலில் பேர் எடுத்தவளுக்கு ஒரே ஒரு ஆளிடம் மட்டும் பேர் கிடைக்கவில்லை. அது அவளுடைய அக்கா. நாலு பேர் கூடிய இடத்தில் தங்கை என்ன செய்கிறாள் என்று யாராவது கேட்டால், சொறிஞ்சு சம்பாதிக்கிறா என்பாள் அக்கா. சொல்லிவிட்டு அவளே முதலில் சிரிப்பாள்.

அக்காவுடையது மாடி வீடு. மேலே அக்காவும் அத்தானும் இருந்தார்கள். கீழ்த்தளத்தைக் கேக் கடைக்கு வாடகைக்கு விட்டிருந்தார்கள். கடையை நடத்தியவன் கைக்குழந்தைக்காரன், இரவு பகல் பார்க்காமல் உழைக்கிறவன். அவனை எல்லாரும் கேக் தம்பி என்றார்கள். சர்க்கரையில் அவன் செய்கிற ரோஜாவைப் பார்த்தால் முகர்ந்து பார்க்கத் தோன்றும். ஆனால் அந்த ஊர்க் காற்றில் சர்க்கரை ரோஜா எத்தனை நேரம் தாங்கும்? கிரீம் வழியும். மூன்றடுக்குக் கேக் மெல்ல ஒரு பக்கம் சாயும். உச்சியில் நிற்கிற பொம்மை மாப்பிள்ளை பொம்மைப் பெண்ணின் தோளில் தூங்கி விழுவான்.

பின்னறையைக் குளிர் அறையாக மாற்றினால்தான் பிழைக்க முடியும் என்று அவன் வந்து நின்றபோது, அக்கா ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். வேலையைத் தன் தங்கைதான் செய்ய வேண்டும். பாசமெல்லாம் இல்லை. வெளியாள் செய்தால் இஷ்டத்துக்குத் திட்ட முடியாது.

போர்வைக்காரி உயிரைக் கொடுத்துச் செய்தாள். நான்கு சுவருக்கும் பலகை, இடுக்குகளில் நுரை, கதவைச் சுற்றி ரப்பர் விளிம்பு, எறும்பு நுழைய வழியில்லை. தலைக்கு மேலே இருந்த மேல்தளத்தை மட்டும் விட்டுவிட்டாள். கேக் தம்பியின் உயரமான அலமாரி ஏற்கெனவே தளத்தை இடித்துக்கொண்டு நின்றது. அங்கேயும் பலகை ஒட்டினால் மூன்றடுக்குக் கேக்கை எங்கே வைப்பேன் என்று அவன் கெஞ்சினான். அவளும் யோசித்துப் பார்த்தாள். மேலே மொட்டைமாடி இருந்தால் வெயில் இறங்கும். இங்கே மேலே இருப்பது அக்கா வீடு. வெயில் படாத இடம். அக்காவிடமிருந்து சூடு எதுவும் கீழே இறங்காது என்று தங்கை ஏமாந்து நம்பிவிட்டாள்.

குளிர் அறை ஓடத் தொடங்கிய வெயில் காலத்தில் அக்காவுக்கு ஒரு யோகம் அடித்தது. வீடெல்லாம் கொதிக்கிறது, கூடத்துத் தரை மட்டும் ஜில்லென்று இருக்கிறது. இது தான் கடை கடையாக ஏறி இறங்கித் தேர்ந்தெடுத்த டைல்ஸின் மகிமை என்று அக்கா முடிவு கட்டிவிட்டாள். மதியமானால் வெறும் தரையில் படுத்துக்கொள்வாள். சொந்தக்காரர்களைக் கூப்பிட்டு வரிசையாகப் படுக்க வைத்து, எப்படி இருக்கு, எப்படி இருக்கு என்று கேட்பாள். அதே டைல்ஸ் பதித்த குளியலறையில் மட்டும் ஏன் கால் சுடுகிறது என்று அத்தான் ஒருமுறை கேட்டார். அவரை யாரும் கண்டுகொள்ளவில்லை.

பிறகு மழைக்காலம் வந்தது. ஒரு காலையில் கூடத்துத் தரை முழுக்க ஈரம்.

அத்தான் ஆபீஸிலிருந்து ஓய்வு பெற்றவர். சும்மா இருந்தால் உடம்புக்கு ஆகாது என்று சொல்லி அக்கா அவர் கையில் தரை துடைக்கிற துணிக்கட்டையைக் கொடுத்திருந்தாள். ஆகவே முதல் பழி அவர்மேல் விழுந்தது. பிழியாமல் துடைக்கிறார் என்றாள். அவர் பிழிந்து துடைத்தார். துடைத்த இடம் திரும்பிப் பார்ப்பதற்குள் மறுபடி பனித்தது. ஆபீஸில் இத்தனை வருஷம் என்னத்தைக் கிழித்தீர்கள் என்று தெரிகிறது என்றாள் அக்கா. அடுத்ததாகக் குழாய்க்காரர் வந்தார். சந்தேகத்தின் பேரில் மூன்று டைல்ஸை உடைத்தார். அடியில் சிமெண்ட் காய்ந்து கிடந்தது. தண்ணீர் எங்கிருந்தோ வருகிறது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மூன்றாவது பழி கேக் தம்பிக்கு. அவன் குளிர் அறை போட்ட பிறகுதானே இதெல்லாம் என்றாள் அக்கா. கீழே இருப்பவன் மேலே எப்படித் தண்ணீர் ஊற்றுவான் என்று அத்தான் கேட்டார். அதைத்தான் நானும் கேட்கிறேன் என்றாள் அவள். அன்று மாலையே கூடத்தில் வழுக்கி உட்கார்ந்தாள். உட்கார்ந்த இடத்திலிருந்தே கேக் தம்பியைக் கூப்பிட்டு, மாதம் முடிவதற்குள் கடையைக் காலி செய்யச் சொல்லிவிட்டாள்.

அவன் நேராகப் போர்வைக்காரி வீட்டுக்கு ஓடி வந்தான்.

"சின்னக்கா, இருந்ததையெல்லாம் அந்த ரூம்லதான் போட்டிருக்கேன். காலி பண்ணுன்னா எப்படி? சுவரைப் பேத்து தோள்ல வெச்சுக்கிட்டா போக முடியும்? பெரியக்காகிட்ட நீங்கதான் ஒரு வார்த்தை சொல்லணும்."

பெரியக்காவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு இரண்டாவது வார்த்தைக்கு இடம் கிடைத்தவர்கள் யாரும் கிடையாது. இருந்தாலும் அவள் போனாள். செருப்பைக் கழற்றிவிட்டுக் கூடத்தில் கால் வைத்தாள்.  தரை ஐஸ் பெட்டியின் மூடி மாதிரி இருந்தது. ஈரம் கூடத்தின் நடுவில் ஓர் இடத்தில் கோடு போட்டாற்போல் நின்றிருந்தது. அந்தக் கோட்டுக்கு நேர் கீழேதான் குளிர் அறையின் சுவர் முடிகிறது. அந்தச் சுவரை அவள் கையாலேயே அளந்திருக்கிறாள்.

தவறு கேக் தம்பியுடையதல்ல, அத்தானுடையதல்ல, குழாயுடையதும் அல்ல. போர்த்தாமல் விட்ட மேல்தளம் வழியாகக் குளிர் ஏறியிருக்கிறது. வெயில் காலத்துக் காற்றில் ஈரம் கொஞ்சம் குறைவு, அப்போது அது வெறும் ஜில்லிப்பு. மழைக்காலத்து ஈரக் காற்று பட்டால் தண்ணீர். ஐஸ் தண்ணீர் டம்ளரின் வெளிப்பக்கம் வியர்க்கிற மாதிரி, அக்காவின் தரைக்கு வியர்க்கிறது. தொழிலுக்கு வந்த புதிதிலேயே தெரிந்திருக்க வேண்டிய விஷயம். வெயிலைத் தடுப்பதிலேயே குறியாக இருந்தவள், குளிர் எந்தப் பக்கம் கிளம்பும் என்று பார்க்காமல் விட்டுவிட்டாள்.

அக்கா அப்போது போனில் குழாய்க்காரரைத் திட்டிக்கொண்டிருந்தாள். போர்வைக்காரி செருப்பை மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள்.

வேன் கழுவிக்கொண்டிருந்த கணவரிடம்தான் எல்லாவற்றையும் சொன்னாள். சொன்னால் தன் மானம் போகும், சொல்லாவிட்டால் அந்தப் பையன் பிழைப்புப் போகும் என்றாள்.

"சொல்லிடு," என்றார் அவர், சக்கரத்திலிருந்து தலையைத் தூக்காமல்.

"சொன்னா நான் சாகற வரைக்கும் சொல்லிக் காட்டுவா."

"இப்ப மட்டும் என்ன, மாலையா போட்டுக்கிட்டிருக்கா?"

அது நியாயமாகத்தான் பட்டது. மறுநாள் காலை அவள் ஒரு தடித்த பிளாஸ்டிக் விரிப்பும் ஒட்டு நாடாவும் எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனாள். அத்தானை ஓர் இடத்தை நன்றாகத் துடைத்துக் காய வைக்கச் சொன்னாள். பிளாஸ்டிக்கை அங்கே விரித்து, நாலு பக்கமும் நாடாவால் ஒட்டினாள். கேக் தம்பியையும் மேலே வரவழைத்தாள். தண்ணீர் தரைக்குள்ளிருந்து வந்தால் பிளாஸ்டிக்குக்கு அடியில் நனையும், காற்றிலிருந்து வந்தால் மேலே நனையும், பொறுத்திருந்து பாருங்கள் என்றாள்.

நாலு பேரும் பிளாஸ்டிக்கைச் சுற்றி உட்கார்ந்தார்கள். பால் பொங்குமா என்று பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். கேக் தம்பி வாய்க்குள் ஏதோ வேண்டிக்கொண்டிருந்தான். வெளியே மழை தூறியது. அக்கா இரண்டு முறை இது வேலைக்கு ஆகாது என்றாள். மூன்றாம் முறை சொல்ல வாயெடுத்தபோது பிளாஸ்டிக்கின் மேல்பக்கம் மங்கலாகி, பொடிப்பொடியாக முத்துக் கட்டி, ஒன்றோடொன்று சேர்ந்து ஓடத் தொடங்கியது. போர்வைக்காரி நாடாவைப் பிய்த்து விரிப்பைத் தூக்கிக் காட்டினாள். அடியில் பொட்டு ஈரமில்லை.

"பார்த்துக்க. தண்ணி கீழேயிருந்து வரல. காத்துலேர்ந்து வருது."

"காத்துலேர்ந்து தண்ணி வந்தா அதுக்கு மழைன்னு பேரு," என்றாள் அக்கா.

"உன் தரை ஜில்லுனு இருக்குல்ல, அதுல காத்து படறப்ப வேர்க்குது. தரை ஏன் ஜில்லுனு இருக்குன்னா, கீழ் ரூமுக்கு மேல்தளத்துல நான் பலகை ஒட்டல. ஒட்டியிருக்கணும். தப்பு என்னுது. தம்பியைப் போகச் சொல்லாதே."

அக்காவின் முகத்தில் ஒரு வெளிச்சம் பரவியது. இத்தனை வருஷமாக இதற்காகவே காத்திருந்த வெளிச்சம். மூச்சை நன்றாக உள்ளே இழுத்தாள். ஆனால் அதற்குள் வேறொன்று அவள் மண்டையில் உறைத்துவிட்டது.

"அப்ப என் டைல்ஸ்?"

"டைல்ஸுக்கு ஒரு மகிமையும் இல்ல. அது இந்தத் தம்பியோட குளிர்."

"இப்ப பலகை ஒட்டினா தரை காஞ்சிடுமா?"

"காஞ்சிடும்."

"ஜில்லுன்னு இருக்குமா?"

"இருக்காது. எல்லார் வீட்டுத் தரை மாதிரியும் இருக்கும்."

அக்கா யோசனையில் ஆழ்ந்தாள். வரிசையாகப் படுத்துக் கிடந்த சொந்தக்காரர்களெல்லாம் அவள் கண்முன் எழுந்து போவது தெரிந்தது. மழைக்காலத்துக்கு மட்டும் ஒட்டிவிட்டு வெயில் வந்ததும் பிய்த்துவிட முடியாதா என்று கேட்டாள். முடியாது என்றாள் தங்கை. அப்படியானால் பலகையே வேண்டாம், கொஞ்சம் ஈரம்தானே, தினமும் நாலைந்து தடவை துடைத்தால் போயிற்று, தம்பியும் இருந்துவிட்டுப் போகட்டும் என்று அக்கா பெருந்தன்மையாக இறங்கி வந்தாள்.

கேக் தம்பி எழுந்து கும்பிடப் போனான். அப்போதுதான் அத்தான் எழுந்தார். துணிக்கட்டையைக் கொண்டுவந்து அக்காவின் மடியில் குறுக்காக வைத்தார்.

"ஜில்லுன்னு வேணும்னா நீயே துடைச்சுக்க," என்றார்.

சொல்லிவிட்டு உள்ளே போய்க் கட்டிலில் படுத்துக்கொண்டார். அந்த வீட்டில் அவர் போட்ட முதல் உத்தரவு அது.  அக்கா ஒரு நாள் பிடிவாதமாகத் தானே துடைத்துப் பார்த்தாள். மறுநாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு தங்கைக்கு ஆள் அனுப்பினாள்.

போர்வைக்காரி மேல்தளத்துக்குப் பலகை ஒட்டி, இடுக்கு விடாமல் அடைத்துக் கொடுத்தாள். தச்சர் அலமாரியின் உச்சியை அறுத்தார். கேக் தம்பி மூன்றடுக்கைக் கொஞ்சம் குள்ளமாகச் செய்யப் பழகிக்கொண்டான். தரை காய்ந்தது. கடை பிழைத்தது. அக்கா மட்டும் பறிபோன குளிரை மறக்கவில்லை. என் வீட்டிலிருந்துதானே அது கீழே போயிற்று, எனக்கு அதில் பாத்தியதை இல்லையா என்று கேட்டுக்கொண்டு, மதியமானால் ஒரு நாற்காலியோடு கீழே இறங்கினாள். அத்தானின் பழைய கம்பளிச் சட்டையை மாட்டிக்கொண்டு குளிர் அறைக்குள் போய் உட்கார்ந்தாள். வெளியே ஊரே ஆவியில் வேகும்போது உள்ளே கம்பளியோடு உட்கார்ந்து, கேக் தம்பி போடுகிற ஒவ்வொரு கிரீம் பூவுக்கும் அபிப்பிராயம் சொன்னாள். இதழ் பெரிசு. இந்த நிறம் யாருக்குப் பிடிக்கும்? இந்தக் கேக்கை வாங்குகிற வீட்டில் மாமியாரும் மருமகளும் பேசிக்கொள்ள மாட்டார்கள், பாத்துக்கோ. நடுநடுவே, தங்கை செய்த தப்பைத் தானே பிளாஸ்டிக் விரித்துக் கண்டுபிடித்த கதை வேறு.

ஒரு வாரம் போல ஆனதும் போர்வைக்காரிக்குப் போன் வந்தது. கேக் தம்பி ரகசியக் குரலில் பேசினான்.

"சின்னக்கா, சத்தத்துக்குக்கூட ஏதோ பலகை ஒட்டுவாங்களாமே?"

"அதான் உனக்கு நாலு பக்கமும் ஒட்டியாச்சே தம்பி. இப்ப மேலயும் ஒட்டியாச்சு. அதனாலதான் அவ பேசறது ஒண்ணும் வெளிய போகாம அப்படியே உனக்கு வருது."

 குளிர் அறைக் கதவையாவது சற்றே திறந்து வைத்துக்கொள்ளலாமா என்று அவன் கேட்டான். போர்வைக்காரி ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்தாள். கதவைத் திறந்தால் ஈரக் காற்று எப்படிப் பாய்ந்து உள்ளே வரும், கிரீம் என்ன கதியாகும் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம்.

"திறந்துக்க. மழை இல்லாத நாளா பார்த்து," என்றாள்.