தாலியில் தங்கிய ஊக்கு

அருணாதேவியைப் பற்றி எழுதும் யோக்கியதை எனக்கு இல்லை. ஆனால் வேறு யாரும் எழுதப்போவதில்லை. எழுதாமல் எனக்கும் மனசு ஆறப்போவதில்லை.

வேங்கிக்காலில் உள்ள ஒரு ஸ்கேன் சென்டரில் நான் எம்.ஆர்.ஐ. டெக்னீஷியன். பெயர் சக்கரவர்த்தி. அருணாதேவி அங்கே பெண்களுக்கான உதவியாளர். எங்கள் மெஷின் ஒரு பெரிய காந்தம். கரண்ட் போனாலும் அதன் இழுப்பு போகாது. இரும்பு எதுவும் உள்ளே போகக்கூடாது. போனால் ஒன்று பறந்து வந்து ஆளைக் குத்தும், இல்லையென்றால் படத்தில் அந்த இடத்தைக் கரி பூசினாற்போல் கறுப்பாக்கிவிடும். அதனால் வருகிற பெண்களைக் கொலுசு முதல் கொண்டை ஊசி வரை எல்லாவற்றையும் கழற்ற வைப்பது அருணாதேவியின் வேலை. தாலி என்று ஒன்று இல்லாவிட்டால் அது லேசான வேலைதான்.

எனக்கு முன்கோபம் ஜாஸ்தி. "கழட்ட மாட்டேன்னா ஸ்கேனும் கிடையாது, கெளம்புங்க" என்று கத்திக்கொண்டிருந்தவன் நான். அருணாதேவி வேலைக்குச் சேர்ந்த மாதமே அதற்கு ஒரு வழி செய்தார். தேரடி வீதியில் மஞ்சள் கயிறும் விரலி மஞ்சளும் வாங்கிவந்து, கயிற்றில் மஞ்சள் துண்டைக் கட்டி, ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் அடுக்கி வைத்துக்கொண்டார். முதலில் இதைக் கட்டிக்கொள்ளுங்கள், அப்புறம் அதைக் கழற்றுங்கள் என்பார். கழுத்து ஒரு நொடிகூட வெறுமையாக இருக்காது. அதற்குப் பிறகு எந்தப் பெண்ணும் அழவில்லை, நானும் கத்தவில்லை. "மெஷின விட நீங்கதான் சார் சத்தம் ஜாஸ்தி, இப்ப பாருங்க, நிம்மதியா கீது" என்று கேலி செய்வார்.

ஆனால் அந்தக் கயிற்றை அவர் தன் கையால் யாருக்கும் கட்டிவிட்டதில்லை. அவருடைய கணவர் சுரேஷ்குமார் வேன் ஓட்டியவர். ஏழு வருடத்துக்கு முன் செங்கம் ரோட்டில் விபத்தில் இறந்துவிட்டார். இரண்டு பெண் குழந்தைகள். வீட்டோடு இரு என்று மாமியார் வீட்டில் சொன்னபோது, பிளஸ் டூ சர்டிபிகேட்டை எடுத்துக்கொண்டு தானாகவே எங்கள் வாசலில் வந்து நின்று வேலை கேட்டவர். அப்பேர்ப்பட்டவர், டப்பாவை நீட்டிவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்பார். "என் கையால கட்டினா நாலு பேரு நாலு விதமா நெனப்பாங்க சார். எதுக்கு?" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். யார்மேல் கோபப்படுவது என்றுதான் தெரியாது.

போன வருடம் ஒரு பௌர்ணமி. கிரிவலக் கூட்டத்துக்காக மதியத்துக்கு மேல் ரோட்டை மறித்துவிடுவார்கள் என்று, வந்த எல்லாருக்கும் அவசரம். கீழ்பென்னாத்தூரிலிருந்து வெள்ளையம்மாள் என்று ஓர் அம்மா வந்திருந்தார். மணிலாக்கொட்டையும் நெல்லும் பயிர்போடுகிற குடும்பம். கழுத்து வலி, வலது கை மரத்துப்போகிறது. அவருடைய கணவர் முருகையன் வேலூரில் ஆஸ்பத்திரியில் இருந்தார். மறுநாள் காலையில் அவருக்கு இதய ஆபரேஷன்.

அன்றைக்குப் பார்த்து டப்பாவில் கயிறு தீர்ந்துவிட்டது.

"அவரு அங்க உசுருக்குப் போராடிக்கினு கீறாரு. நான் இங்க தாலிய கழட்டி வெக்கட்டா? என்னால ஆவாதும்மா" என்றார் வெள்ளையம்மாள்.

அருணாதேவி என்னிடம் ஓடிவந்தார். "கயிறும் தங்கமும்தான் சார். காந்தம் இழுக்காதுல்ல?"

"இழுக்காது. ஊக்கு இருக்கான்னு நல்லா பாத்துடுங்க."

நம் பெண்களின் தாலிக்கயிற்றில் எப்போதும் நாலைந்து ஊக்கு தொங்கும். முந்தானைக்குத் தேவைப்படும், முள் எடுக்கத் தேவைப்படும். வெள்ளையம்மாள் மூன்று ஊக்கைக் கழற்றிக் கொடுத்து, அவ்வளவுதான் என்றார். நாலாவது ஒன்று குண்டுமணிகளுக்கு நடுவில், மஞ்சள் ஏறிப்போய்ப் புதைந்திருந்தது. கையால் தடவிப் பார்க்க வேண்டும் என்பது விதி. அருணாதேவி தடவவில்லை. நாளைக்கு ஆபரேஷன் மேசையில் படுக்கப்போகிறவரின் மனைவி கட்டியிருக்கும் தாலி அது. அதைத் தொட அவருக்குக் கை வரவில்லை.

படம் வந்தது. கழுத்தின் மேல்பகுதி பளிச்சென்று இருந்தது. கீழ்ப்பகுதியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரே கறுப்பு. ஊக்கு என்று பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. அந்த அம்மாவை வெளியே எடுத்து, ஊக்கைக் கழற்றி, மறுபடி எடுத்திருக்க வேண்டும். இருபது நிமிட வேலை. வெளியே ஆறு பேர் காத்திருந்தார்கள்.

"திரும்ப எடுத்துடலாமா சார்?" என்று அருணாதேவி கேட்டார்.

"நாளைக்குக் கூப்ட்டுக்கலாம். மேல எல்லாம் நல்லாதான் வந்துகீது, விடுங்க" என்றேன்.

மறுநாள் கூப்பிடவில்லை. மறந்துவிட்டேன் என்று சொன்னால் பொய். இரண்டு தடவை ஞாபகம் வந்தது. இரண்டு தடவையும் அப்புறம் பார்க்கலாம் என்று விட்டேன். ரிப்போர்ட்டின் கடைசி வரியில், கீழ்ப்பகுதி தெளிவாக இல்லை, மறுபடி எடுக்கவும் என்று இருந்தது. அவருக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் அந்த வரி வரைக்கும் படிக்கவில்லை போலிருக்கிறது. தேய்மானம் என்று மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்.

மூன்று மாதம் கழித்து வெள்ளையம்மாளைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். இந்தத் தடவை எடுத்த படத்தில், முன்பு கறுப்பு விழுந்த அதே இடத்தில், தண்டுவடத்தை அழுத்திக்கொண்டு ஒரு கட்டி. ஆபரேஷன் செய்து எடுத்துவிட்டார்கள். புற்று இல்லை. ஆனால் முன்னமே எடுத்திருந்தால் நடந்திருப்பார் என்று டாக்டர் சொன்னாராம். இப்போது கால் இரண்டும் விளங்கவில்லை.

"போய் அவங்க கிட்ட சொல்லணும் சார்" என்று அருணாதேவி லீவு கேட்டார். துணைக்கு வருகிறேன் என்று நானும் பஸ் ஏறினேன். துணையாவது ஒன்றாவது. என்ன சொல்லிவிடப் போகிறாரோ என்ற பயம்.

வெள்ளையம்மாள் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. அருணாதேவியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீதாம்மா அன்னிக்குத் தாலிய கழட்டச் சொல்லாம உட்ட. மெஷினுக்குள்ள போறப்போ தாலிய யாரோ சுண்டி இழுத்தாப்ல இருந்துச்சு. அண்ணாமலையாருதான்னு எனக்குத் தெரிஞ்சிப்போச்சு. கூப்புடறதுக்குக் கையில குடுத்திருந்த பெல்லைக்கூட நான் அமுக்கல. மறுநாளு இவருக்கு நல்லபடியா முடிஞ்சிது. காலு போனா போவுது, தாலி நின்னுதே."

சொல்லாதீர்கள் என்று அருணாதேவியைப் பார்த்துக் கண்ணால் கெஞ்சினேன். அந்த அம்மாவின் நம்பிக்கையைக் காப்பாற்றத்தான் கெஞ்சுகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

"சாமி இல்லம்மா அது. ஊக்கு. ஒண்ணு மிச்சம் இருந்துச்சு. நான் கையால பாத்திருக்கணும், பாக்கல. அதனாலதான் கட்டி இருந்த எடம் படத்துல தெரியாம போச்சு. என் தப்பும்மா" என்றார் அருணாதேவி.

வெள்ளையம்மாள் கையை விட்டுவிட்டார். இடது கையால் தாலியைத் தடவிப் பார்த்தார். பிறகு எங்கள் இருவரையும் பார்த்துக் கேட்டார்.

"படம் சரியா வரலன்னு அன்னிக்கே யாருக்கும் தெரியலியா?"

அருணாதேவி தலையைக் குனிந்துகொண்டார். ஒரு வார்த்தை. நான் சொல்ல வேண்டியிருந்தது ஒரே ஒரு வார்த்தை.

"தெரியலைங்கம்மா" என்றேன்.

முருகையன் இரண்டு டம்ளரில் காபி கொண்டுவந்து நின்றிருந்தார். எல்லாவற்றையும் கேட்டிருப்பார். ஒன்றை என்னிடம் நீட்டினார். மற்றதை உள்ளேயே திருப்பி எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் என் காபியைக் குடித்தேன்.

திரும்பும்போது பஸ்ஸில், "நீங்களாவது சொல்லியிருக்கலாமே, சாருக்குத் தெரியும்னு" என்றேன். அதைச் சொல்லவும் எனக்கு வாய் வந்தது.

"அவங்க கேட்டது உங்களதான் சார்" என்றார்.

அருணாதேவி இன்னமும் எங்களிடம்தான் வேலை செய்கிறார். டப்பா எப்போதும் நிறைந்திருக்கிறது. இப்போதெல்லாம் திரும்பி நிற்பதில்லை. யார் முகம் சுளித்தாலும் கழற்றுகிற தாலியைக் கையில் வாங்கி, மணி மணியாகத் தடவிப் பார்த்துத்தான் தட்டில் வைக்கிறார். என்னிடம் வேலை விஷயம் மட்டும் பேசுகிறார். என்னைக் கேலி செய்து வருடம் ஒன்றாகப் போகிறது.