நாலு கை வேலை

இதை நான் கற்பனை செய்யவில்லை. என் தங்கை புருஷனுக்கு நடந்தது. மாப்பிள்ளைக்குப் பொய் சொல்ல வராது. சொன்னாலும் அடுத்த வார்த்தையிலேயே உளறிவிடுவார். பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் வேறு வேலை இல்லையா என்று எழுந்து போகிற ஆள். இப்போதெல்லாம் எழுந்து போவதில்லை. உட்கார்ந்து கடைசிவரை கேட்கிறார்.

துணிக்கடையில் பில் போடுகிற வேலை அவருக்கு. வீட்டில் பல்ப் மாற்றவே என் தங்கைதான் ஸ்டூலில் ஏறுவாள். அப்படிப்பட்டவர் மோட்டார் சைக்கிள் எஞ்சினைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார் என்றால், தலைக்கு மேல் வெள்ளம் போயிருந்தது என்று அர்த்தம்.

அவர் அம்மாவுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். அதற்காகவே போன மாதம் புரோக்கரிடம் ஒரு பழைய வண்டி வாங்கினார். வாங்கிய நாளிலிருந்து நீலப் புகை. பிறகு இழுவை போனது. கடைசியில் கிக்கரை மிதித்தால் காற்றை மிதிப்பதுபோல் இருந்தது. ரிங் தேய்ந்துவிட்டது, மாற்ற வேண்டும் என்றார் மெக்கானிக். ரிங் செட்டை வாங்கி வைத்த மறுநாள் வேலைநிறுத்தம் வந்தது. பஸ் இல்லை, ஆட்டோ இல்லை, மெக்கானிக் கடையும் ஷட்டரை இறக்கிவிட்டது. ஆம்புலன்ஸ் நம்பரில் மணி அடித்துக்கொண்டே இருந்ததே தவிர யாரும் எடுக்கவில்லை.

வீடோ ஊருக்கு வெளியே, வாய்க்கால் பாலத்துக்கு அந்தப் பக்கம். புதிதாக மனை போட்ட இடம், பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கும். கார் வைத்திருந்த ஒரே குடும்பமும் வெளியூர் போயிருந்தது. என் தங்கை வேலைக்குப் போன இடத்தில், மில்லிலேயே மாட்டிக்கொண்டாள்.

ஒரு தடவை டயாலிசிஸ் தவறிவிட்டது. அம்மாவுக்குக் கால் வீங்கி, படுத்தால் மூச்சு முட்டியது. சுவரில் தலையணை வைத்துச் சாய்ந்தபடியே இருந்தார். நாளைக் காலை ஆறு மணிக்குக் கட்டாயம் கூட்டி வந்துவிடுங்கள், இன்னொரு தடவை தவறினால் உடம்பு தாங்காது என்று நர்ஸ் போனில் சொல்லிவிட்டார்.

மாப்பிள்ளை மெக்கானிக்குக்குப் போன் போட்டுக் கெஞ்சினார். அவராலும் வர முடியாத நிலை.

"ரிங் போட்டு சிலிண்டர இறக்கறது நாலு கை வேலை சார். ஒரே ஆளு செய்ய முடியாது. யாராவது கிடைச்சா அனுப்பறேன்" என்றார்.

யாரும் வரவில்லை. மாப்பிள்ளை போனில் வீடியோவைப் பார்த்துப் பார்த்து, முன்வாசலில் வண்டியை நிறுத்தி, தானே பிரித்தார். மேல்மூடியைக் கழற்றினார். சிலிண்டரை உருவினார். பிஸ்டன் மொட்டையாக வெளியே நின்றது. ரிங் என்பது வளையல் மாதிரி, ஓரிடத்தில் வெட்டு விட்ட மெல்லிய இரும்பு. கொஞ்சம் விரித்துப் பிஸ்டனில் மாட்ட வேண்டும். கூடுதலாக விரித்தால் ஒடிந்துபோகும். அவரிடம் இருந்ததோ ஒரே செட். மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாக மாட்டினார். ராத்திரி பன்னிரண்டரை மணிக்குக் கரண்ட் போனது.

போன் டார்ச்சைப் போட்டு ஒரு செங்கல் மேல் சாய்த்து வைத்தார். சிலிண்டரை இரண்டு கையாலும் தூக்கிப் பிஸ்டன் மேல் இறக்கினார். ரிங்கை உள்ளே அழுத்த விரல் இல்லை. டிக்... ரிங் வெளியே தெறித்தது. மறுபடியும் இறக்கினார். டிக்... சிலிண்டரை முழங்காலில் முட்டுக்கொடுத்துப் பார்த்தார். வெளிச்சம் எங்கேயோ விழுந்தது, தன் நிழலே மறைத்தது. உள்ளே அம்மா இழுத்து இழுத்து மூச்சு விடுகிற சத்தம் வாசல்வரை கேட்டது. முப்பத்தெட்டு வயது மனுஷன், கிரீஸ் கையோடு முகத்தை மூடிக்கொண்டு குழந்தை மாதிரி அழுதார். என்னிடம் சொல்லும்போதும் அழுதார்.

அப்போதுதான் அந்தக் குரல் கேட்டது.

"ரெண்டாவது ரிங் தலைகீழா இருக்கு."

எதிரே, வண்டிக்கு அந்தப் பக்கம், ஒரு ஆள் குந்தியிருந்தார். கேட் திறந்த சத்தம் கேட்கவில்லை. மெக்கானிக் அனுப்பிய ஆள்தான் என்று மாப்பிள்ளைக்கு உயிர் வந்தது. அண்ணே, நல்ல நேரத்துல வந்தீங்க என்றார். அந்த ஆள் கழுத்தை ஒரு பக்கமாகச் சாய்த்து வைத்திருந்தார். சுளுக்கு போலிருக்கிறது என்று மாப்பிள்ளை நினைத்துக்கொண்டார்.

அந்த ஆள் ரிங்கை நகத்தால் நெம்பி எடுத்து, புரட்டி, மாட்டினார். ஒவ்வொரு ரிங்கிலும் சின்னதாக ஒரு குறி உண்டு. அது மேலே பார்க்க வேண்டுமாம். மாப்பிள்ளை அதைக் கவனிக்கவே இல்லை. இருட்டில் அந்த ஆள் எப்படிக் கவனித்தார் என்பதையும் யோசிக்கவில்லை.

"நீங்க சிலிண்டரப் பிடிங்க. நான் அழுத்தறேன்."

மாப்பிள்ளை இரண்டு கையாலும் சிலிண்டரைப் பிடித்தார். அந்த ஆள் இரண்டு கையாலும் ரிங்கைச் சுற்றி அழுத்தினார். வெளிச்சம் இப்போது நிழலில்லாமல், ஆடாமல், பிஸ்டன் மேலேயே விழுந்தது. நடுவில் விரல்கள் பட்டன. வேர்த்துக் கொட்டுகிற புழுக்கத்தில் அந்த விரல்கள் ஐஸ் மாதிரி இருந்தன.

"மெதுவா... இறக்குங்க..."

கிளக்... ஒன்று உள்ளே போனது.

கிளக்... இரண்டாவது.

கடைசி ரிங்கும் போனது. சிலிண்டர் உட்கார்ந்தது. மாப்பிள்ளைக்கு அந்த ஆளின் காலில் விழலாம்போல் இருந்தது. குனிந்தபோது கால் தெரிந்தது. ஒரு காலில் செருப்பு. இன்னொரு கால் வெறுங்கால். அவசரத்தில் ஓடி வந்திருப்பார் என்று நினைத்தார்.

மற்றதையெல்லாம் அந்த ஆளே பூட்டினார். மூன்றே முக்காலுக்கு வண்டியை ஸ்டாண்டிலிருந்து இறக்கி, கிக்கரை மிதித்தார். ஒரே மிதி. எஞ்சின் எடுத்தது. துளி புகை இல்லை.

"ஒரு ரவுண்டு பாத்துடுவோம். ஏறுங்க."

எந்த மெக்கானிக்கும் ட்ரையல் பார்க்காமல் வண்டியை விடமாட்டார். மாப்பிள்ளையும் ஏறப் போனார். பின்சீட்டுக்காரர் கால் வைக்கிற கம்பியில் வலது பக்கத்துக் கம்பி துருப்பிடித்து மடங்கியே இருக்கும்; சுத்தியலால் அடித்தும் திறக்காதது. அம்மா ஒருபக்கமாக உட்காருகிறவர் என்பதால் அதை அப்படியே விட்டிருந்தார்.

டக்.

அந்தக் கம்பி தானாகத் திறந்தது.

மாப்பிள்ளை அந்த ஆளின் தோளைப் பிடித்தார். சட்டை ஈரமாக இருந்தது. பிசுபிசுப்பாக. ஒரு காலைத் தூக்கிவிட்டார்.

"டேய்... மூச்சு விட முடியலைடா..."

அம்மா.

ஒரு நிமிஷம் அண்ணே என்று உள்ளே ஓடினார். அம்மாவை நிமிர்த்தி உட்காரவைத்து முதுகைத் தடவினார். வெளியே வண்டி கிளம்புகிற சத்தம். பாலத்தை நோக்கிப் போகிற சத்தம்.

பிறகு நின்றது.

சத்தம் தேயவில்லை. கத்தரித்ததுபோல் நின்றது.

வண்டி போச்சு... முன்பின் தெரியாத ஆளிடம் கொடுத்துவிட்டோம்... அம்மா போச்சு... தலையில் அடித்துக்கொண்டு வாசலுக்கு ஓடினார்.

வண்டி வாசலிலேயே நின்றது. ஸ்டாண்டு போட்டபடி.

திரும்பி வந்த சத்தமே இல்லை. ஆள் இல்லை. போன், வைத்த இடத்திலேயே செங்கல் மேல் எரிந்துகொண்டிருந்தது. சைலன்ஸரில் கால் பட்டுச் சுட்டது. அந்தத் தழும்பை நானே பார்த்தேன்.

யோசிக்க நேரமில்லை. ஐந்து மணிக்கு அம்மாவைப் பின்னால் உட்காரவைத்து, போர்வையால் தன்னோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு கிளம்பினார். பாலத்தில் ஏறும்போது வண்டி திணறியது. மூன்று பேரை ஏற்றியதுபோல் இழுத்தது.

அம்மா முனகினார்.

"பின்னாடி இருக்கறவர் மேல சாயறாருடா... தள்ளி உக்காரச் சொல்லு."

மாப்பிள்ளை திரும்பிப் பார்க்கவில்லை.

அம்மா பிழைத்துக்கொண்டார். ஒரு மணி நேரம் தாமதித்திருந்தால் கஷ்டம் என்று நர்ஸ் சொன்னாராம்.

வேலைநிறுத்தம் முடிந்ததும் மாப்பிள்ளை மெக்கானிக்கிடம் நன்றி சொல்லப் போனார். நீங்கள் அனுப்பிய ஆள் தெய்வம் மாதிரி வந்தார் என்றார். நான் யாரையும் அனுப்பவில்லையே என்றார் மெக்கானிக். மாப்பிள்ளை ஆளின் அடையாளத்தைச் சொன்னார். சாய்ந்த கழுத்து. ஒற்றைச் செருப்பு. மெக்கானிக் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார். வெளியே வந்து, அதுவரை கவனிக்காத வண்டி நம்பரைப் பார்த்தார். பிறகு நடந்ததைச் சொன்னார்.

இரண்டு வருஷத்துக்கு முன் இந்த வண்டிக்கு ரிங் மாற்றியவர் இதே தெருவில் கடை வைத்திருந்த மெக்கானிக். வேலையை முடித்துவிட்டு விடியற்காலையில் ட்ரையல் போனவர், பாலத்தில் விளக்கில்லாமல் நின்ற லாரியில் மோதினார். கழுத்து முறிந்து அங்கேயே போய்விட்டார். ஒரு செருப்பு கடைசிவரை கிடைக்கவில்லை.

"ட்ரையல் போனா வண்டிக்காரரையும் பின்னாடி உக்கார வெச்சுப்பாரு. எஞ்சின் சத்தத்த அவங்க காதாலயே கேக்கணும்பாரு."

அன்றைக்குப் பின்னால் யாராவது இருந்தார்களா என்று மாப்பிள்ளை கேட்டார்.

"வண்டிக்காரர்தான். அவரும் போயிட்டாரு. நல்ல மனுஷன் சார். அன்னைக்குக் கரண்ட் இல்ல. ராத்திரி பூரா பக்கத்துலயே நின்னு டார்ச் பிடிச்சிட்டிருந்தாரு."

சிலிண்டரைப் பிடித்தது மாப்பிள்ளையின் இரண்டு கை. ரிங்கை அழுத்தியது அந்த ஆளின் இரண்டு கை. நாலு கையும் சரியாகப் போயிற்று.

அந்த வெளிச்சம்... அசையாமல் பிஸ்டன் மேலேயே விழுந்துகொண்டிருந்த வெளிச்சம்...

வண்டியை அவர் இன்னும் விற்கவில்லை. வேறு வண்டிக்கு வழியில்லை, வாரத்துக்கு மூன்று நாள் அம்மா போயாக வேண்டும். பாலம் வரும்போது, அம்மா சொல்வதற்கு முன்னால், கொஞ்சம் தள்ளி உட்காருங்கள் என்று மாப்பிள்ளையே சொல்லிவிடுகிறாராம்.