மாமா எழுதித் தராத சர்டிபிகேட்

நான் டைப் செய்த முதல் பயோடேட்டா என் அம்மாவுடையது. அப்போது ஏழாவது படித்துக்கொண்டிருந்தேன். தலைப்புகளைத் தடித்த எழுத்தாக்கப் பள்ளிக் கம்ப்யூட்டர் வகுப்பில் கற்றுக்கொண்ட புதிது. வீட்டில் வேறு யாருக்கும் அந்தத் தகுதி இல்லை.

அம்மா பி.காம். படித்தவள். பீளமேட்டில் பம்ப் உதிரிபாகப் பட்டறை வைத்திருந்த மாமாவுக்குத் தினமும் போய்க் கணக்குப் பார்ப்பாள். சம்பளம் என்று ஒன்று கிடையாது. தீபாவளிக்குப் பட்டுப்புடவை வரும், அரிசி மூட்டை வரும், என் பள்ளிக் கட்டணத்தை மாமாவே கட்டிவிடுவார். குறை சொல்ல ஏதுமில்லை. ஆனால் யாரிடமும் சொல்லாமல் ஒரு ஜோடி செருப்பு வாங்க வேண்டும் என்பது அம்மாவின் நெடுநாள் ஆசை. சரவணம்பட்டிக் கம்பெனி ஒன்றுக்கு அக்கவுண்ட்ஸ் அசிஸ்டெண்ட் தேவை என்ற விளம்பரத்தைப் பார்த்ததும் துணிந்துவிட்டாள்.

அனுபவம் என்ற இடத்துக்கு அவள் சொன்னது, "அண்ணனுக்கு ஒத்தாசை." அவ்வளவுதான். பக்கம் வெறிச்சென்று இருந்தது. காலையில் போனதும் என்ன செய்வீங்க, அப்புறம் என்ன என்று துருவித் துருவிக் கேட்டு ஒவ்வொன்றையும் தனி வரியாக்கினேன். டேலி சாப்ட்வேரில் பில் ஏற்றுவது. பேங்க் கணக்கோடு பட்டறைக் கணக்கை மாதாமாதம் ஒத்துப் பார்ப்பது. பாக்கி வைத்தவர்களைப் போனில் நயமாக நெருக்குவது. அப்போது புதிதாக வந்திருந்த ஜிஎஸ்டி.

"இத்தனையுமா நாஞ் செய்யறேன்?" என்று அம்மா சிரித்தாள்.

விசாரிப்பதற்கு ஒரு நம்பர் வேண்டுமென்று மாதிரிப் படிவத்தில் இருந்தது. மாமாவின் நம்பரைப் போட்டேன்.

இன்டர்வியூ நன்றாகவே நடந்தது. அனுபவச் சான்றிதழ் கொண்டுவந்தால் வேலை உறுதி என்றார்கள். மாமாவிடம் கேட்டபோதுதான் வந்தது வினை.

"ஏன் அம்மணி, என்ற தங்கச்சி எங்கிட்டக் கூலிக்கு இருந்தான்னு நானே எழுதிக் கையெழுத்துப் போடறதா? அப்பறம் சீரு எடுத்துக்கிட்டு எந்த மூஞ்சியோட உன்ற ஊட்டுக்கு வாரது?"

அம்மா கேட்பதையே விட்டுவிட்டாள். கூடப் பிறந்தவளை வேலையாள் என்று எழுதுவது அவருக்கு எவ்வளவு பெரிய கேவலம் என்று அவளுக்குத் தெரியும்.

அந்தச் சனிக்கிழமை அம்மாவோடு நானும் பட்டறையில் இருந்தேன். மாமாவின் போன் அடித்தது. லேத் சத்தத்தில் காது கேட்காமல் ஸ்பீக்கரில் போட்டார். கம்பெனியிலிருந்து ஒரு பெண். அம்மாவின் பெயரைச் சொல்லி, இவங்க உங்களிடம் அக்கவுண்ட்ஸ் அசிஸ்டெண்டாக இருந்தாங்களா என்று கேட்டாள்.

"அசிஸ்டெண்டாங்க? என்னங்க பேசறீங்க, அது என்ற தங்கச்சிங்க! வேலைக்கெல்லாம் வெக்கலீங்க."

மாமா நிறுத்தவில்லை.

"ஏனுங்க, நீங்க கூட்டிட்டுப் போயிட்டா இங்க பில்லு ஆருங்க போடுவா? பேங்க்ல எத்தன கெடக்குதுன்னே எனக்குத் தெரியாதுங்க. ஜிஎஸ்டி பாஸ்வேர்டு அவகிட்டத்தானுங்க இருக்குது. அவளுக்குக் காய்ச்சல்னா நான் பட்டறையவே பூட்டிப்போட்டுப் போயிருவனுங்க. நீங்க வேற ஆளப் பாத்துக்கங்க."

அந்தப் பெண் சிரித்தது கேட்டது. "சரிங்க சார், இது போதுங்க" என்று வைத்துவிட்டாள்.

எல்லாம் முடிந்தது என்று எண்ணிக்கொண்டேன். சாயங்காலம் மாமா வாங்கி வந்த தேங்காய் பன்னைத் தொடவில்லை. அவரோடு பேசவும் இல்லை. அவர் என்ன தப்பு செய்தோம் என்று புரியாமல் என்னையே பார்த்தார்.

திங்கட்கிழமை வேலைக்கு வரச்சொல்லி அம்மாவுக்கு அழைப்பு வந்தது. நான் போட்ட தடித்த எழுத்துகள்தான் காரணம் என்று வகுப்பு முழுக்கச் சொல்லித் திரிந்தேன். சான்றிதழ் வராமலே எப்படி எடுத்தார்கள் என்று யோசிக்கத் தோன்றவில்லை.

அன்று பட்டறையில் போன் வைக்கப்பட்டதும் அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அதைப் பார்த்து, வேலை போச்சே என்று நானும் அழுதேன். இரண்டும் ஒரே அழுகை என்றுதான் நினைத்திருந்தேன்.